பேட்டரிக்குப் போட்ட கவசம்

எறும்புக்குக்கூடச் சோம்பல் இருந்த காலத்துல, ஏழெட்டு ஊருக்கு அந்தப் பக்கம், ஒரு ராஜா இருந்தாராம்.

பயந்துடாதீங்கண்ணா. சத்தம் காருக்குள்ள இருந்துதான் வருது. கொஞ்சம் குனிங்க. இன்னும் கொஞ்சம். கண்ணாடிக்கு மேல மூணு விரல் அகலத்துக்குச் சந்து இருக்கு பாருங்க, அங்கே. வணக்கங்க. என் பேரு லோகநாதன். லோகுன்னு கூப்பிடுவாங்க.

காப்பாத்துங்கன்னு கத்தலாம்தான். எனக்குக் கத்த வராது. மத்தியானத்துல இருந்து 'சார், சார்'னு கூப்பிட்டுப் பார்த்தேன். கார் கண்காட்சி பார்க்க வந்தவங்க, காருக்குள்ள ரேடியோ பாடுதுன்னு நினைச்சுப் போயிட்டாங்க. ஒரு பையன் நான் பொம்மைன்னு அவங்க அம்மாகிட்டப் பந்தயம் கட்டினான். கண்ணைச் சிமிட்டினேன், அழுதுட்டான். கதை ஆரம்பிச்சா மட்டும்தான் ஆள் நிக்குது. எங்க தாத்தா சொல்லிச் சொல்லி எனக்கு அது ஒண்ணுதான் வாயில வருது. அவர் கதை சொன்னா எதிர்ல இருக்கிறவங்க ம் கொட்டணும். கொட்டலைன்னா ராஜா நின்ன இடத்துலயே நின்னுடுவார். நீங்களும் கொட்டுங்கண்ணா. எனக்கும் வெளியில ஆள் இருக்குன்னு தெரியணுமில்ல.

ராஜாவுக்கு ஒரு தேர் இருந்துச்சாம். தங்கச் சக்கரம், வெள்ளி அச்சு. அத்தனை இருந்தும் ராஜா முகத்துல சிரிப்பே இல்லையாம். ஏன்னா, தேரோட நெஞ்சுக்குள்ள இருக்கிற இதயம் பார்க்க அசிங்கமா இருந்துச்சாம்.

சரி விடுங்க, தாத்தா மாதிரி எனக்கு நீட்ட வராது. ராஜா எங்க மோகனசுந்தரம் அண்ணன். கிரைண்டர் கம்பெனி வெச்சிருக்கார். தேர், நீங்க கை வெச்சிருக்கிற இந்தக் கார். இதயம்னா பேட்டரி. கையை மட்டும் கொஞ்சம் எடுத்துக்கோங்கண்ணா, தடம் விழும்.

இது அம்பாசிடருங்க. நம்பமாட்டீங்க, யாரும் நம்பமாட்டாங்க. கூரையை ஒரு முழம் வெட்டித் தாழ்த்தி, ஜன்னலை எல்லாம் தபால் பெட்டி வாய் மாதிரி ஆக்கி, பானெட்டைக் கழட்டி எறிஞ்சு, லாரிக்குப் போடுற மாதிரி ஒரு இன்ஜினைத் திறந்தவாக்குல உக்கார வெச்சா, அதுக்கு ஹாட் ராட்னு பேராம். பார்க்கிறவங்க கண்ணுல இன்ஜின்தான் முதல்ல படணும். பட்டுச்சு. இன்ஜின் குரோம் பூசி முகம் பார்க்கிற மாதிரி நின்னுச்சு. பக்கத்துல பேட்டரி. கறுப்பா, சதுரமா, ஓரத்துல வெள்ளையா உப்புப் பூத்து. அண்ணன் சொன்னார், "கல்யாண வீட்டு வாசல்ல எருமைக் கன்னைக் கட்டுன மாதிரி இருக்குடா. ஏதாவது பண்ணு."

நான் ரேடியம் ஸ்டிக்கர் வெட்டுறவன். பஸ், ஆட்டோ, மினி லாரி எல்லாத்துலயும் சாமி பேரு, குழந்தைங்க பேரு, கழுகு, புலி. சூலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை. அண்ணன் காருக்குக் கோடு ஒட்டத்தான் என்னைக் கூப்பிட்டார். கோடு ஒட்டி முடிச்சுட்டுக் கிளம்பறப்பத்தான் இந்தப் பேட்டரி. ஒரு நாள் வேலைன்னு நினைச்சேன். அப்பறம் கடை ஷட்டரைத் திறக்கவே இல்லை. முடியாதுன்னு சொல்லியிருக்கலாமேன்னு கேக்கறீங்க. சொல்லலாம்தான். அண்ணன் முகத்தைப் பார்த்திருந்தா நீங்களும் சொல்லியிருக்கமாட்டீங்க.

சர்பத்தா அது? ஒரு வாய் கிடைக்குங்களா? அந்த ஸ்ட்ராவை இப்படிச் சந்துல விடுங்க. ஆங். உள்ளே வெக்கைங்கண்ணா. நல்லா இருப்பீங்க.

எங்கே விட்டேன்? ம்... ஆமா, கதவு. கதவைத் திறந்து வெளிய வர வேண்டியதுதானேன்னு கேட்டீங்க. வெளிப்பக்கம் பாருங்க, கைப்பிடி இருக்கா? உள்பக்கமும் கிடையாது. கைப்பிடி இருந்தா அழகு கெடும்னு அண்ணன் எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டார். பட்டனை அமுக்கினா கரண்ட்ல கதவு திறக்கும். ஜன்னலும் கரண்ட்தான். பேட்டரியில கரண்ட் இல்லைன்னா எதுவும் கிடையாது. இப்ப பேட்டரியில கரண்ட் இல்லை. அவ்வளவுதாங்க விஷயம். கண்ணாடியை உடைச்சா? உடைச்சாலும் இந்தச் சந்துல தலை மட்டும்தான் வெளிய வரும். கழுத்துக்குக் கீழே உள்ளதான் இருக்கணும்.

வழி இருக்குங்க. வேற பேட்டரி கொண்டாந்து ஒயரைத் தொட வெச்சா ஒரு நொடியில கதவு திறந்துக்கும். பக்கத்து ஸ்டால்காரர் பேட்டரியைத் தூக்கிட்டே வந்தார், தங்கமான மனுசன். ஆனா எங்கே தொட வெக்கிறது? இன்ஜினுக்கு இடது பக்கம் பாருங்கண்ணா. அந்தப் பித்தளைப் பெட்டி. அதுக்குள்ளதான் பேட்டரி இருக்கு.

பார்த்துட்டீங்களா? மயில் தெரியுதா? தோகை அப்படியே சுத்தி வந்து பின்பக்கம் கொடியா மாறும். கொடியில ஒவ்வொரு இலையும் வேற வேற. கிட்டப் போய்ப் பாருங்க, தொட வேண்டாம். நேத்து எல்லாம் உள்ளே இருந்து விளக்கு எரிஞ்சது. ஓட்டை ஓட்டையா வெட்டின இடத்துல எல்லாம் வெளிச்சம் வழிஞ்சு, மயில் தரையில நிழலா விழுந்துச்சு. நீங்க நேத்து வந்திருக்கணும்.

நான் ஒண்ணும் பெருமைக்குச் சொல்லலைங்க. எல்லாம் அண்ணன் ஆசை.

முதல்ல பேட்டரிக்கு வெள்ளிப் பெயிண்ட் அடிச்சேன். ஆசிட் ஆவியில சொறி பிடிச்ச மாதிரி உரிஞ்சுது. அப்பறம் ஸ்டிக்கர் ஒட்டினேன். இன்ஜின் சூட்டுல அப்பளம் மாதிரி பொரிஞ்சு வந்துச்சு. இப்படியே ஆயுத பூஜை வந்துருச்சு. அண்ணனோட அம்மா ஷெட்டுல இருக்கிற ஸ்பேனர், சுத்தி எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுட்டே வந்தவங்க, பேட்டரிக்கும் சந்தனம் தடவி, குங்குமம் வெச்சு, மேல ஒரு துண்டு சாமந்தியைப் போட்டாங்க. அண்ணன் பார்த்துட்டே நின்னார். "டேய் லோகு, இப்பத்தான்டா இது ஆளு மாதிரி இருக்கு. கோயில்ல சாமிக்குக் கவசம் சாத்துவாங்கல்ல, அந்த மாதிரி பித்தளையில ஒண்ணு போடு" அப்படின்னார்.

ஸ்டிக்கர்ல மயிலை வெட்டி, தகட்டு மேல ஒட்டி, அந்தக் கோட்டு மேலேயே ரம்பம் ஓட்டினேன். ஊசி மாதிரி ரம்பம், எத்தனை முறிஞ்சதுன்னு தெரியாது. பித்தளை கரண்ட்டை இழுக்கும்னு உள்ளே பூரா ரப்பர் கொடுத்தேன். எல்லாம் சரிதான். ஸ்க்ரூவுலதான் வந்துச்சு வினை. மூடியை நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். அண்ணன் வந்து பார்த்தார். "கோயில் கவசத்துல எங்கேயாச்சும் ஸ்க்ரூ தெரியுதாடா?"

தெரியாதுதானே? அவர் கேட்டது நியாயம்தானே? எடுத்துட்டேன்.

அப்ப எலக்ட்ரிக் வேலைக்கு அந்தோணின்னு ஒருத்தன் இருந்தான். மூடிக்கும் கதவு மாதிரியே கரண்ட் பூட்டு போடுன்னு அண்ணன் சொன்னதும் சிரிச்சுட்டான். "பூட்டுக்குள்ளேயே சாவியை வெச்சுப் பூட்டறீங்க சார். பேட்டரி செத்துப் போச்சுன்னா?"

"பூஜை போட்ட பொருளு. சாவு கீவுன்னு வாயை வெக்காதே."

அதுக்கு மேல யார் பேச முடியும், சொல்லுங்க. அந்த ஷெட்டுல அன்னில இருந்து பேட்டரி தீரும்கிற பேச்சையே யாரும் எடுக்கலை. அந்தோணி மட்டும் கமுக்கமா ரெண்டு ஒயரைப் பெட்டிக்குள்ள இருந்து இழுத்து, வண்டிக்கு அடியில விட்டு வெச்சான். உள்ளே கரண்ட் போனாலும் அடியில குனிஞ்சு அந்த ஒயரைத் தொட்டாப் போதும். விவரமான வேலைங்க. அண்ணன் ஒரு நாள் தள்ளி நின்னு வண்டியைப் பார்த்தார். "என்னடா இது, கன்னு போட்ட மாட்டுக்குத் தொங்குற மாதிரி தொங்குது? வெட்டு லோகு."

வெட்டினேன். நுனி தெரியாம, ஒட்ட வெட்டினேன்.

அந்தோணி என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டான். "நீயாவது சொல்லக்கூடாதாடா?"

"சொன்னேன்."

"எப்ப?"

"மனசுக்குள்ள."

பையை எடுத்து மாட்டிட்டு அன்னிக்கே போயிட்டான். அவனுக்கென்னங்க, கோவம் வரும். கோவம் வர்றவங்களுக்கு எல்லாமே சுலபம்.

மணி என்னண்ணா? மூணரையா? ஐயோ.

இல்ல, உங்களுக்குச் சொன்னா என்ன. இன்னிக்கு நாலரைக்குள்ள நான் பொண்ணு வீட்டுல இருக்கணும். பீளமேடுதான், இங்கிருந்து பக்கம். ஞாயித்துக்கிழமை நாலரைக்கு ராகு காலம் பிறந்துரும். அதுக்கு முன்னால போய் உக்காந்து ஒரு வாய் காபி குடிச்சுட்டா ஆச்சு. எங்க அம்மாவும் சிங்காரம் மாமாவும் வெளியே வாசல் கேட்டுக்குப் பக்கத்துல வேன்ல உக்காந்திருக்காங்க. பழத்தட்டு, பூ எல்லாம் மடியில வெச்சுட்டு. மாமா போன் பண்ணிட்டே இருக்கார். "ஊருக்குள்ள பொண்ணுதான்டா உள்ளே உக்காந்திருக்கும், மாப்பிள்ளை வந்து பார்ப்பான். நம்ம வீட்டுல மாப்பிள்ளை உள்ளே உக்காந்திருக்கான். நாங்க டிக்கெட் எடுத்து வந்து பார்க்கட்டுமா?" அப்படின்னு நக்கல்.

அவ பேரு மேகலா. மில்லுல நூல் சோதிக்கிற இடத்துல வேலை. நூலை இழுத்துப் பார்த்து எவ்வளவு தாங்கும்னு சொல்லணுமாம், அதான் அவ வேலை. ஏற்கெனவே ஒரு தடவை நாங்க போறதா இருந்து தட்டிப் போச்சு, கார்த்திகையில. அன்னிக்குத்தான் பெட்டிக்கு வார்னிஷ் அடிச்சிருந்தேன். காயற வரைக்கும் தூசி விழாம ஆள் பக்கத்துல இருக்கணும். அண்ணன் நல்லவருங்க, "நீ போய்ப் பொண்ணைப் பாருடா, நான் இருக்கேன்"னு சொன்னார். அவர் எப்படி இருப்பார்? போன்ல பேசிட்டே சிகரெட் சாம்பலை அது மேலேயே தட்டுவார். அதை நம்பி எப்படிப் போறது? என்னைப் போக விடலைங்க அந்த வேலை. மேகலா போன் பண்ணினா. "வரலைன்னு சொல்றதுக்காவது குரல் வருமா?"ன்னு கேட்டா. நான் பேசினேன். அவளுக்குக் கேக்கலை போல.

அவங்க அப்பா இந்த ஒரு தடவைதான்னு சொல்லிட்டார். மூணாவது தடவை வாசல்ல கால் வெக்கக்கூடாதுன்னுட்டார்.

ம் வரலையே. இருக்கீங்களா? சரி.

இன்னிக்கு நான் சீக்கிரமே கிளம்பறதாத்தான் இருந்தேன். புதுச் சட்டை பாருங்க. மத்தியானம் வந்து பார்த்தப்ப பெட்டிக்குள்ள விளக்கு மங்கலா எரிஞ்சுது. நேத்துக் காலையில இருந்து அணைக்கவே இல்லை. மண்டபத்துக்குள்ள இன்ஜினை ஓட்டக்கூடாது, புகை வரும். அதனால சார்ஜும் ஏறலை. பேட்டரி தன்னைத் தானே அழகாக் காட்டிக்கிட்டே தீர்ந்துட்டு இருந்திருக்கு. சுவிட்சு உள்ளே இருக்கு, அணைச்சுட்டுப் போலாம்னு ஏறினேன். கதவு திறந்து கிடந்தா ஒரு பக்கம் ரெக்கை விரிச்ச மாதிரி அசிங்கமா இருக்கும். நானேதான் சாத்தினேன். வெக்கையா இருந்துச்சு, ஜன்னல் பட்டனை அமுக்கினேன். மூணு விரல் இறங்கிச்சு. டக்குன்னு ஒரு சத்தம். மயில் அணைஞ்சு போச்சு.

அண்ணன் வந்தார். வராம இல்லை. விழுந்து விழுந்து சிரிச்சார். அப்பறம், "மூடியில ஸ்க்ரூ டிரைவரை விட்டு ஒரு நெம்பு நெம்பிட்டாத் திறந்துக்கும்டா. நாலரைக்கு ஜட்ஜுங்க வர்றாங்க, மூடி கிழிஞ்சிருந்தா பரிசு கிடைக்காது, அவ்வளவுதானே. உன் இஷ்டம்டா கண்ணு, சொல்லு, நெம்பட்டுமா?" அப்படின்னு கேட்டார். பெரியவங்க உன் இஷ்டம்னு சொன்னா அதுக்கு அர்த்தம் நம்ம இஷ்டம் இல்லைங்கண்ணா. எனக்குத் தெரியாதா? "பரவாயில்லீங்கண்ணா, இருக்கேன்"னு சொன்னேன். "நிஜமாவா?"ன்னு ரெண்டு தடவை கேட்டார். அதுலேயே தெரியலையா, அவருக்கு மனசு இல்லைன்னு. சாப்பிடப் போயிட்டார்.

இப்படித்தாங்க என்னைக் கட்டிப் போட்டிருக்காங்க.

போன் வருது, ஒரு நிமிஷம்... அவதான். வாசல் கேட்டுக்குப் பக்கத்துல நிக்கிறாளாம். இங்கேயே வர்றாளாம். எங்க அம்மாவைக் கடந்துதான் வரணும், கும்பிடு போட்டுட்டு வர்றாளாம். அண்ணா, தப்பா நினைக்காதீங்க. அந்த மஞ்சள் வேன் ஸ்டால் வரைக்கும் போய் ஒரு டீ குடிச்சுட்டு வர்றீங்களா? போயிடாதீங்க. வந்துடுங்க.

*

வந்துட்டீங்களா. நான் போயிட்டீங்கன்னே நினைச்சேன்.

பார்த்தீங்களா அவளை? நீலச் சுடிதார். நேரா வந்து, நீங்க குனிஞ்ச மாதிரிதான் குனிஞ்சா. எனக்கு அவ நெத்தியும் கண்ணும் தெரிஞ்சுது. அவளுக்கு என்னோட என்ன தெரிஞ்சுதோ.

"நல்லாத்தான் இருக்கு" அப்படின்னா.

"புதுச் சட்டை"ன்னு சொன்னேன்.

"உங்களை இல்லை. அந்தப் பெட்டியை."

சிரிப்பு வந்துருச்சு எனக்கு. அவளும் சிரிச்சா. சத்தியமா, சிரிச்சா. போய் மயில் மேல விரலை வெச்சு, கழுத்துல இருந்து தோகை வரைக்கும் அப்படியே தடவிப் பார்த்தா. கொடியில இலைங்க எல்லாம் வேற வேறன்னு நான் சொல்லாமலே கண்டுபிடிச்சுட்டா. அண்ணன்கூட அதைக் கவனிச்சதில்லை. "இதுக்குத்தான் அன்னிக்கு வரலையா?"ன்னு கேட்டா. கோவமாக் கேக்கலை. நூலை இழுத்துப் பார்க்கிற மாதிரி கேட்டா.

அப்பறம் பக்கத்து ஸ்டாலுக்குப் போய் ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவர் வாங்கிட்டு வந்தா. மூடிச் சந்துல முனையை வெச்சுட்டு என் பக்கம் திரும்பினா.

"உங்க முதலாளி உங்க இஷ்டம்னுட்டாராமே. வெளியில உங்க மாமா சொன்னார். நெம்பட்டுமா?"

நான் அந்த முனையைப் பார்த்தேன்.

"பேசக்கூட வேண்டாம். ம்னு ஒரு சத்தம் கொடுங்க, போதும். மீதியை நான் பார்த்துக்கறேன்."

நான் சொல்லியிருப்பேங்க. வாய் வரைக்கும் வந்துருச்சு. ஆனா அவ முனையை வெச்சிருந்த இடம் மயிலோட கழுத்துக்கு நேரா. அங்கே தகடு நூல் மாதிரி. அதனால, "கழுத்துக்கிட்ட வேண்டாம், அங்கே ரொம்ப மெல்லிசு"ன்னு சொன்னேன். முனையை இந்தப் பக்கம் நகர்த்தினா. அங்கே கொடி ஆரம்பிக்குது. "அங்கேயும் வேண்டாம்"னேன். பின்பக்கம் போனா. பின்பக்கம் எடுத்தா இலைங்க மடங்கிடும். அதையும் சொன்னேன். தப்பா எதுவும் சொல்லலையே? இடம்தானே சொன்னேன்?

ஹால் மைக்குல ஜட்ஜுங்க கிளம்பிட்டாங்கன்னு சொன்னாங்க. அது முடியிற வரைக்கும் காத்திருந்தா. ஸ்க்ரூ டிரைவரை மெதுவா, சத்தம் வராம, மட்கார்டு மேல வெச்சா. குனிஞ்சு என்னைப் பார்த்து, "வெக்கை அதிகமா இருக்கா?"ன்னு கேட்டா. "பழகிருச்சு"ன்னு சொன்னேன். தலையை ஆட்டிட்டுப் போனா.

வேற ஸ்க்ரூ டிரைவர் வாங்கத்தான் போயிருக்கா. சின்னதா, மெல்லிசா ஒண்ணு. இது தடிமன். இதை வெச்சுட்டுப் போயிருக்கா பாருங்க, திரும்பி வரப் போறவதானே வெச்சுட்டுப் போவா? போறவளா இருந்தா வாங்கின இடத்துல கொடுத்துட்டுல்ல போயிருப்பா? வாசல் கேட்டுப் பக்கமாப் போனதைப் பார்த்தீங்களா, சரிதான். ஆனா கேட்டுக்குப் பக்கத்துலகூட டூல்ஸ் கடை ஒண்ணு இருக்கு. நேத்துப் பார்த்தேன்.

மணி சொல்லாதீங்கண்ணா.

மாமா போன் பண்றதை நிறுத்திட்டார். அதுவும் நல்லதுதான், காது வலிக்குது.

வேண்டாங்கண்ணா, நீங்க எடுக்காதீங்க அதை. ஸ்க்ரூ டிரைவரைச் சொல்றேன். வெச்ச இடத்துலயே இருக்கட்டும், வந்து தேடுவா. உங்க நல்ல மனசு புரியுது. நீங்க நெம்பினா அண்ணன் உங்களை ஏதாவது சொல்லுவார், எதுக்குங்க உங்களுக்கு அந்தப் பொல்லாப்பு? எல்லாரும் என்னைச் சுத்தியே நிக்கிறாங்க, ஒருத்தராவது என்னை வெளிய விட்டா என்ன.

அதோ அண்ணன் குரல். ஜட்ஜுங்களைக் கூட்டிட்டு அந்தப் பச்சை ஜீப்புக்கிட்ட நிக்கிறார். "அடுத்தது நம்ம வண்டிதாங்க. டிரைவர் சீட்டுல ஒரு ஆர்ட்டிஸ்ட்டையே உக்கார வெச்சிருக்கேன் பாருங்க" அப்படின்னு சொல்லிச் சிரிக்கிறார். நான் தலை சீவலை. பரவாயில்லையா? நெத்தி மட்டும்தானே தெரியும்.

அண்ணா, ம் சத்தத்தையே காணோம். எங்கே விட்டேன்... ராஜா தேரோட நிக்கிறார்.

நீங்களும் கிளம்பறீங்களா. வீட்டுல தேடுவாங்க, ஆமா. நான் சொல்றது எல்லாம் ஒண்ணும் பெரிய கதை இல்லை. போயிட்டு வாங்க. சர்பத்துக்கு நன்றிங்க. போறப்ப ஒரே ஒரு உபகாரம். மயில் கழுத்துக்கிட்ட ஒரு விரல் தடம் இருக்கும், மேகலா தடவினது. பித்தளையில பட்டுன்னு தெரியும். அதைத் தொடாம...

இல்லீங்க. ஜட்ஜுங்க வந்துட்டாங்க. உங்க துண்டால மெதுவா, அழுத்தாம, துடைச்சுட்டுப் போயிடுங்கண்ணா.